சதுக்கத்தில் ஒலித்த கண்ணாடி



கலைப் பொருள்களைப் பற்றிப் பேச வருகிறவனுக்குச் சாதாரணமாக ஒரு சௌகரியம் உண்டு. தான் புகழ்கிற சிலையையோ சித்திரத்தையோ மேடைக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும், அது இன்ன ஊரில் இன்ன இடத்தில் இருக்கிறது, முடிந்தால் போய்ப் பாருங்கள் என்று வழி சொல்லிவிட்டு அவன் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நான் எடுத்துக்கொண்ட படைப்பு 2018ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 12ஆம் தேதி தொடங்கி அவ்வருஷம் நவம்பர் 11ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. அது இருந்த காலத்திலும் கண்ணுக்கு விருந்தாக எதையும் வைத்ததில்லை. முழுக்க முழுக்க ஒலியினாலேயே ஆனது. செவியில் விழுந்து மறைந்ததைச் சொற்களைக் கொண்டு மறுபடியும் உங்கள் செவிக்குக் கொண்டுவருகிற விபரீதமான காரியத்தில் இறங்கியிருக்கிறேன். நானும் அதை ஒலிப்பதிவின் வாயிலாகக் கேட்டவனே அல்லாமல், அந்த இடத்துக் காற்றோடு சேர்த்துக் கேட்டவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

இடம், வியன்னா நகரத்தின் நடுவே, ஹாப்ஸ்பர்க் வம்சத்துச் சக்கரவர்த்திகளின் ஹோஃப்புர்க் அரண்மனைக்கு முன்னால் விரிந்து கிடக்கும் ஹெல்டன்பிளாட்ஸ் என்னும் வீரர் சதுக்கம். ஆஸ்திரியா குடியரசாகி நூறு வருஷங்களும், ஹிட்லரின் ஜெர்மனி அந்த நாட்டை விழுங்கி எண்பது வருஷங்களும் ஒருங்கே நிறைவெய்திய அந்த 2018இல், அரண்மனையின் ஒரு பகுதியில் ஆஸ்திரிய சரித்திர இல்லம் என்ற புதிய காட்சிசாலையைத் திறக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் கதவு திறப்பதற்கு எட்டு மாதம் முன்பே, சூசன் ஃபிலிப்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக் கலைஞரின் ஒலிப் படைப்பு ஒன்று வெளியே சதுக்கத்தில் அமைக்கப்பட்டது. தினந்தோறும் பகல் 12.30 மணிக்கும் மாலை 6.30 மணிக்கும், சதுக்கத்தின் வெவ்வேறு பக்கங்களில் வைத்திருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து, பளிங்குக் கோப்பைகளின் விளிம்பை ஈரவிரலால் தடவும்போது பிறக்கும் நாதம் எழுந்து, நீண்டு, ஒன்றோடொன்று கலந்து, சில நிமிஷங்களில் அடங்கிவிடும். அவ்வளவுதான். படைப்புக்கு அம்மையார் வைத்த பெயர் ‘குரல்கள்’. அதில் மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை.

இது ஏன் ஒரு சொற்பொழிவுக்கு உரிய விஷயம் என்று கேட்பீர்களானால், அந்தச் சதுக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சாவகாசமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1809ஆம் வருஷத்தில் வியன்னாவைப் பிடித்த நெப்போலியனுடைய சேனை, ஊரை விட்டுப் போகும்போது அரண்மனையை ஒட்டியிருந்த கோட்டைக் கொத்தளத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுச் சென்றது. அப்படி உண்டான வெட்டவெளிதான் பின்னால் சதுக்கமாயிற்று; அதாவது அந்த மைதானமே ஒரு பேரோசையில் பிறந்தது. 1824இல் அதன் ஓரத்தில் கோட்டை வாயில் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 1860இல், ஆஸ்பெர்ன் களத்தில் நெப்போலியனை ஒரு முறை தோற்கடித்த கார்ல் இளவரசரின் குதிரைச் சிலையை நிறுத்தினார்கள். அடுத்த யுத்தத்தில் அவர் நெப்போலியனிடம் தோற்றார் என்பதைச் சிலை சொல்வதில்லை. சிலைகளுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஃபெர்ன்கோர்ன் என்ற சிற்பி அந்தக் குதிரையைப் பின்னங்கால்கள் இரண்டின் மேலேயே நிற்கும்படி வார்த்துவிட்டார், பார்த்தவர்களெல்லாம் வியந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து அவரே செய்த, துருக்கியரை வென்ற யூஜின் இளவரசரின் குதிரைக்கு வாலும் தரையைத் தொட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. பிறகு ஸெம்பர், ஹாஸனவர் என்ற இரு சிற்பாசாரியார்கள் சதுக்கத்தின் இரு பக்கமும் வளைந்த இரண்டு மாபெரும் மாளிகைகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஒன்று மட்டுமே எழுந்தது. 1881இல் தொடங்கிய அந்த நோயெ புர்க் மாளிகையின் வெளிவேலை முடிய 1913 ஆகிவிட்டது. அதற்கு ஐந்து வருஷம் கழித்துச் சாம்ராஜ்யமே இல்லை. எதிர்ப்பக்கத்து மாளிகை காகிதத்தில் நின்றுவிட்டபடியால், சதுக்கம் ஒரு பக்கம் வில்போல் வளைந்த கற்சுவரும் மறுபக்கம் மரங்களும் ஆகாசமுமாக, பாதி அரங்கமாகவும் பாதி வெளியாகவும் இருக்கிறது.

அந்த வளைந்த மாளிகையின் நடுவில், தூண்களுக்கு முன்னால், அகன்ற மேல்தளம் ஒன்று உண்டு. 1938ஆம் வருஷம் மார்ச்சு 15ஆம் தேதி ஹிட்லர் நின்று பேசியது அதன் மேல்தான். தன் பிறந்த நாடு ஜெர்மானிய சாம்ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டதாக அவன் பிரகடனம் செய்ததைக் கேட்க சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குதிரைச் சிலைகளின் பீடங்களிலும் ஜனங்கள் ஏறி நின்றதைப் புகைப்படங்களில் காணலாம்.

ஆனால் அந்த நான்கைந்து நாட்களைப் படங்களைப் பார்த்து அறிவதைக் காட்டிலும் செவியால் அறிவது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. 11ஆம் தேதி மாலையில் ஷுஷ்னிக் என்ற பிரதம மந்திரி வானொலியில் ராஜினாமாவை அறிவித்தார். அவர் பேசி முடித்ததும் ஒலித்தது, சக்கரவர்த்திக்காக ஹைடன் இயற்றிய கீதத்தின் மெட்டு. அதே மெட்டுத்தான் ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கும் மெட்டு. விடை கொடுக்கிற இசையும் வரவேற்கிற இசையும் ஒன்றாகவே அமைந்துவிட்ட இந்த விநோதத்தை எந்த நாடகாசிரியனும் கற்பனை செய்யத் துணியமாட்டான். ஹிட்லர் நகருக்குள் வந்தபோது கார்டினல் இன்னிட்ஸருடைய உத்தரவின்பேரில் தேவாலய மணிகள் ஒலித்தன. சதுக்கத்தில் எழுந்த முழக்கத்தை ஒலிபெருக்கிகள் பெருக்கின, வானொலி அதை வீடுதோறும் கொண்டுபோயிற்று. அதே நாட்களில் நகரத்தின் வேறு தெருக்களில் யூத ஆண்களையும் பெண்களையும் மண்டியிட வைத்து, நடைபாதைக் கற்களைத் தேய்த்துக் கழுவும்படி செய்து, சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை யாரும் ஒலிபரப்பவில்லை.

ஒரு கூட்டம் கூட்டமாக ஆவது எப்படி? இரண்டு லட்சம் பேரில் ஒவ்வொருவனுக்கும் தன்னைச் சுற்றியுள்ள ஐம்பது தலைகளுக்கு மேல் கண்ணில் படாது. மேல்தளத்தில் நிற்கிறவன் ஒரு புள்ளியாகத்தான் தெரிவான். ஆனால் அனைவரும் எழுப்புகிற ஓசை ஒவ்வொருவன் காதிலும் முழுமையாக விழுகிறது. தன் தொண்டையிலிருந்து கிளம்பியது எது, அடுத்தவன் தொண்டையிலிருந்து கிளம்பியது எது என்று பிரித்தறிய முடியாத அந்தக் கணத்தில்தான் தனி மனிதன் கரைந்து போகிறான். ஆகவே அந்தச் சதுக்கத்தில் நடந்த குற்றத்தின் கருவி ஓசை. பிற்காலத்தில் அதற்கு விடை சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் இதை மறந்துவிட்டார்கள் என்பதே என் பேச்சின் சாரம்.

எழுத்தாளர்கள் மறக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனாக அந்தக் கூட்டத்தில் இருந்த ஏர்ன்ஸ்ட் யாண்டல் 1962இல் அதைக் கவிதையாக்கியபோது, ஜெர்மன் சொற்களை உடைத்தும் திரித்தும், வார்த்தை எது, கூச்சல் எது என்று தெரியாத ஒரு பாஷையிலேயே எழுதினார். தாமஸ் பெர்ன்ஹார்டின் நாடகம் 1988 நவம்பர் 4ஆம் தேதி அந்தச் சதுக்கத்துக்கு அருகிலேயுள்ள புர்க் நாடக சாலையில் அரங்கேறியது. சதுக்கத்தின் பெயரே நாடகத்தின் பெயர். அதில் வரும் பேராசிரியரின் மனைவிக்கு, ஐம்பது வருஷங்களுக்குப் பின்னும், ஜன்னலுக்கு வெளியே அந்த ஜனக்கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மற்ற எவருக்கும் கேட்பதில்லை. கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவள் காதில் அது வளர்ந்து வளர்ந்து தாங்க முடியாததாகி, அவள் மேஜையின் மேல் முகம் கவிழ்ந்து விழுகிறாள். நாடகத்துக்கு எதிராகப் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் போட்ட கூச்சலும், நாடக சாலையின் வாசலில் சாணத்தைக் கொண்டுவந்து கொட்டியதும், ஆசிரியர் சொன்னது பொய்யல்ல என்பதற்குக் கிடைத்த இலவச சாட்சியங்கள் என்று கொள்ளலாம். தங்கள் நாடு ஹிட்லருக்குப் பலியான முதல் நாடு என்று சொல்லிக்கொண்டே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர்களுக்கு அந்த ஆரவாரம் கேட்காமல் இருப்பது அவசியமாக இருந்தது. ஆஸ்திரியர்களுக்கும் அந்தக் குற்றங்களில் பங்கு உண்டென்று பிரதம மந்திரி விரானிட்ஸ்கி பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1991இல்தான்.

கல்லின் கதையையும் கேளுங்கள். நான் சொன்ன கோட்டை வாயிலை 1934இல் யுத்தத்தில் இறந்த வீரர்களின் ஞாபகார்த்த மண்டபமாக மாற்றினார்கள். உள்ளே, கிடந்த நிலையில் ஒரு போர்வீரனின் சிலை. செய்தவர் வில்ஹெல்ம் ஃப்ராஸ் என்ற சிற்பி. தான் ரகசியமாக நாஜிக் கட்சியைச் சேர்ந்தவன் என்றும், சிலைக்கு அடியில் தன் கொள்கையைப் போற்றும் கடிதம் ஒன்றைப் புதைத்திருப்பதாகவும் அவர் பின்னால் பெருமையடித்துக்கொண்டது உண்டு. 2012இல் சிலையைப் பெயர்த்துப் பார்த்தபோது, உலோகக் குழலுக்குள் அந்தக் கடிதம் அப்படியே இருந்தது. கூடவே யாரும் எதிர்பாராத இன்னொரு கடிதமும் இருந்தது. சிற்பியின் உதவியாளரான அல்ஃபோன்ஸ் ரீடல் என்பவர், இனி வருகிற தலைமுறையினர் வீழ்ந்த பிள்ளைகளுக்குச் சிலை வைக்க நேராமல் இருக்கட்டும் என்ற கருத்தை எழுதித் தாமும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே கல்லுக்கு அடியில் எழுபத்தேழு அல்லது எழுபத்தெட்டு வருஷம் இரண்டு எதிர்மறையான பிரார்த்தனைகள் அருகருகே படுத்திருக்க, மேலே ராஜாங்க விருந்தினர்கள் இரண்டில் எதையும் அறியாமல் மலர்வளையம் வைத்து வணங்கிக்கொண்டிருந்தார்கள்! கல் எதை வேண்டுமானாலும் தனக்குள் மறைத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச உதாரணம் கிடைப்பது அரிது.

கூட்டத்துக்குக் கூட்டத்தாலேயே விடை சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 1992இல் எலீ வீஸல், நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர், ஹிட்லர் நின்ற அதே மேல்தளத்தில் நின்று பேசினார். 1993 ஜனவரி 23ஆம் தேதி, அந்நிய நாட்டாருக்கு விரோதமான ஒரு கையெழுத்து இயக்கத்தை எதிர்த்து, இரண்டரை லட்சத்துக்குக் குறையாத ஜனங்கள் கையில் விளக்கேந்தி அந்தச் சதுக்கத்தையும் சுற்றுப்புறத்தையும் நிரப்பினார்கள். நாஜி ஜெர்மனி சரணடைந்த மே 8ஆம் தேதியைத் துக்க நாளாகப் பாவித்து மாணவர் சங்கங்கள் சில கோட்டை வாயிலில் மலர்வளையம் வைத்து வந்த அநாசாரம் நின்று, 2013 முதல் அந்த நாளில் வியன்னா சிம்ஃபனி வாத்தியக் குழுவின் இசை அங்கே ஒலிக்கிறது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் மேடை, ஒலிபெருக்கி, திரண்ட ஜனம் என்ற அந்த அமைப்பு மாறவில்லை; பேசுகிறவனும் பொருளும்தான் மாறுகிறார்கள். இதற்கு வெளியே ஒரு விடை உண்டா என்ற கேள்விக்கு ஃபிலிப்ஸ் அம்மையாரின் கோப்பைகள் மறுமொழி கூறின என்பது என் அபிப்பிராயம்.

அம்மையார் 1965இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர், பயின்றது சிற்பக்கலை. ஒலி ஒரு இடத்தை நிரப்புகிற விதத்தைச் சிற்பியின் கண்ணோடு பார்க்கத் தொடங்கி, ஸ்காட்லாந்தின் பழைய பிரலாபப் பாட்டொன்றைத் தம்முடைய பயிற்சியற்ற குரலிலேயே பாடி, கிளைடு நதியின் பாலங்களுக்கு அடியில் ஒலிக்கச் செய்தார். அந்தப் படைப்புக்காக 2010இல் டர்னர் பரிசு கிடைத்தது. ஒலியை மட்டும் கொண்ட ஒரு படைப்பு அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் குரலின் விசேஷம் அது விசேஷமில்லாமல் இருப்பது; வேலை செய்துகொண்டே தனக்குத் தானே பாடிக்கொள்கிற எவளுடைய குரலாகவும் அது இருக்கலாம். வியன்னாவில் அவர் அந்தக் குரலையும் விட்டுவிட்டார். சரியான முடிவு. அந்தச் சதுக்கத்தில் எந்த மனிதக் குரல் ஒலிபெருக்கியில் வந்தாலும், அது எத்தனை மெல்லியதாக இருந்தாலும், கேட்கிறவனுடைய மனம் தானாகவே மேல்தளத்தைத் திரும்பிப் பார்க்கும்.

கோப்பையின் நாதம் எப்படி உண்டாகிறது? நம்முடைய ஜலதரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் சுருதி சேர்த்துக் குச்சியால் தட்டுகிறோம்; தட்டிய கணத்தில் நாதம் உச்சத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். தடவும் கோப்பையில் சுருதி சேர்க்கும் வழி அதுவே. தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். ஆனால் தட்டுவதில்லை. ஈரவிரல் விளிம்பின் மேல் ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதை இழுத்து விடுகிறது. பிடிலில் வில் செய்கிற வேலையும் இதுதான். அதனால் அந்த நாதத்துக்குக் கூர்மையான ஆரம்பம் இல்லை. எப்போது தொடங்கியது என்று கேட்கிறவனால் சொல்ல முடியாது. தொடங்கிவிட்டது என்பதை மட்டும் சற்றுத் தாமதமாக அறிந்துகொள்கிறான்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு சப்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு வழிகளில் கணிக்கிறது. தாழ்ந்த ஸ்தாயியானால், இரு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு. உயர்ந்த ஸ்தாயியானால், தலை மறைப்பதால் ஒரு காதில் பலம் குறைவதைக் கொண்டு. விநாடிக்கு ஆயிரம் முதல் நாலாயிரம் அதிர்வுகள் வரையுள்ள இடைப்பட்ட பகுதியில் இரண்டு கணக்கும் தடுமாறுகின்றன. கண்ணாடிக் கோப்பை நாதத்தின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்ளேயே விழுவதால், அது எங்கிருந்தோ வருவது போலவும், எல்லாப் பக்கமும் இருப்பது போலவும், சில சமயம் நம் தலைக்குள்ளேயே பிறப்பது போலவும் மயக்கம் தருகிறது. பெஞ்சமின் பிராங்கிளின் 1761இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் கோத்து வாத்தியமாக அமைத்தபோது ஐரோப்பா முழுவதும் அதன் மேல் மோகம் கொண்டதற்கும், சிறிது காலத்துக்குள் அது வாசிப்பவர்களைப் பைத்தியமாக்குகிறது என்று வதந்தி கிளம்பியதற்கும் இதுவே காரணமாயிருக்க வேண்டும். அந்த வாத்தியத்துக்கு வியன்னா அந்நியமல்ல. மெஸ்மர் என்ற வைத்தியர் நோயாளிகளை வசப்படுத்த அதை அங்கே வாசித்தார். மோட்ஸார்ட், தாம் இறந்துபோன 1791இல், கண் பார்வையற்ற மரியான்னெ கிர்ஷ்கெஸ்னர் என்ற கலைஞருக்காக அதற்கென்றே ஒரு கிருதி இயற்றினார்.

இனி மேல்தளத்தை நினைத்துப் பாருங்கள். 1938இன் ஒலிபெருக்கி ஜனங்கள் அத்தனை பேரையும் ஒரே திசைக்குத் திருப்பியது. அதுவே அதன் வேலை. 2018இன் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததோ திசையற்ற நாதம். வேலைக்குப் போகிறவன் நிற்கிறான், இடப்பக்கம் பார்க்கிறான், வலப்பக்கம் பார்க்கிறான், மேலே பார்க்கிறான். பக்கத்தில் நிற்கிறவன் வேறு பக்கம் பார்க்கிறான். எல்லோரையும் ஒருமுகப்படுத்திய அதே இடத்தில் எல்லோரையும் பலமுகப்படுத்துகிற இந்த உபாயத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இரைச்சலை அது வெல்லவும் முயலவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சதுக்கத்தைக் கடக்கும் குதிரை வண்டிகளின் குளம்போசை, வட்டச்சாலையில் ஓடும் டிராம், பள்ளிப் பிள்ளைகள், இவற்றுக்கிடையே இடம் கிடைத்தவரையில் அது நின்றது. பழைய பாராளுமன்றக் கட்டடம் பழுது பார்க்கப்பட்டு வந்தபடியால், அந்தக் காலத்தில் மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்களுக்கென்று சதுக்கத்திலேயே தற்காலிகக் கூடங்கள் நின்றன. ஆகவே அன்றாடம் இரண்டு வேளையும் அந்த நாதம் சட்டம் இயற்றுகிறவர்களின் ஜன்னலையும் தொட்டது.

கண்ணாடி என்றால் ஆஸ்திரியாவை அறிந்தவனுக்கு இன்னொரு ஞாபகம் வராமல் இராது. அந்த 1938இன் நவம்பர் 9ஆம் தேதி இரவில், ஜெர்மனியில் போலவே வியன்னாவிலும், யூதர்களின் கடைகளும் வீடுகளும் நொறுக்கப்பட்டன. 40க்கும் மேற்பட்ட ஜெபாலயங்களும் பிரார்த்தனைக் கூடங்களும் நாசமாயின. பெரிய ஜெபாலயம் ஒன்று தப்பியது. கத்தோலிக்க ஆலயமல்லாதவை தெருவைப் பார்த்து முகப்பு வைத்துக் கட்டலாகாது என்று பழைய அரசாங்கம் விதித்திருந்ததால், அது 1826இல் குடியிருப்பு வீடுகளின் வரிசைக்குள்ளே மறைத்துக் கட்டப்பட்டிருந்தது. தீ வைத்தால் அண்டை வீடுகளும் எரியும் என்பதால் அதற்கு முழுச் சேதம் நேரவில்லை. அவமானப்படுத்துவதற்கென்று போட்ட சட்டம் நூற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து உயிர் காத்தது. ஃபிலிப்ஸின் கோப்பைகள் உடைந்த கண்ணாடியின் ஓசையைத் திரும்பச் செய்து காட்டவில்லை. உடையாத கண்ணாடி, தொட்டால் உடையக்கூடிய கண்ணாடி, அதை ஒரு விரல் நிதானமாகத் தடவுகிறது. எத்தனை அழுத்தினால் நொறுங்கும் என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். போதுமல்லவா?

தினந்தோறும் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சதுக்கங்களுக்கு அன்றாட ஓசை புதிதல்ல. போலந்தின் கிராக்கோ நகரில் தேவாலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஊதி, நாலு திசைக்கும் திரும்பி, பாதி சுரத்தில் சட்டென்று நிறுத்துவார்கள். 1927 முதல் பகல் வேளை ஊதுவதை வானொலியும் ஒலிபரப்புகிறது. வியன்னாவின் புனித ஸ்டீபன் ஆலயத்துப் பெருமணி, துருக்கியரிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்தது. 1945 தீயில் விழுந்து சிதறியது. அதன் உலோகத்தையும் சேர்த்து 1951இல் மறுபடி வார்த்தார்கள். இவை ஊருக்கு ஊர் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிற ஓசைகள். வேறு ஜாதி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான மாக்ஸ் நியூஹவுஸ். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதையின் இரும்புச் சல்லடைக்குக் கீழே, 1977இல் ஒரு நாதத்தை அமைத்துவிட்டு, பெயர்ப்பலகைகூட வைக்காமல் விட்டார்; 1992இல் நின்ற அது 2002இல் மீண்டும் எழுந்தது; லட்சோப லட்சம் பேர் அதன் மேல் நடந்து போகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்திலும் அவர் 2003இல் ஒன்றை அமைத்தார்: யாருக்கும் தெரியாமல் மெல்ல ஏறி, திடீரென்று நின்று, நின்ற பிறகே இருந்தது தெரியும்படியாக.

இந்தப் பரம்பரையில் வைத்துப் பார்த்தால் ‘குரல்கள்’ என்னும் படைப்பின் 12.30 மணிக்கு ஒரு சிறப்பு விளங்கும். ஞாபகார்த்த தினத்துக்கு ஆயத்தமாக வருகிறவன் கறுப்பு அங்கி அணிந்து, முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு வருகிறான். அவன் எதை உணர வேண்டுமென்று முன்கூட்டியே நிச்சயமாகியிருக்கிறது. ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, புல்வெளியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கிறவனுக்கு அப்படி ஓர் ஆயத்தம் கிடையாது. எட்டு மாதத்தில் அந்த நாதம் பெரும்பாலும் இத்தகைய மனிதர்களிடமே பேசியிருக்கிறது. பலர் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். பொருட்படுத்தாமல் இருக்க அனுமதித்ததே அதற்கும் 1938க்கும் உள்ள தூரம்.

எனக்கு ஓர் ஆக்ஷேபணையும் உண்டு. அந்த நாதம் அளவுக்கு மீறி அழகாயிருக்கிறது. பின்னணி தெரியாத ஒரு சுற்றுலாக்காரன் அதை அரண்மனைக்கு ஏற்ற மோகன சங்கீதம் என்று எண்ணி மகிழ்ந்து போயிருந்தால் அவனைக் குறை சொல்ல இயலாது. அம்மையாரே இதைவிடக் கடுமையானதொன்றை 2012இல் ஜெர்மனியின் காஸெல் நகரத்து ரயில் நிலையத்தில் செய்திருக்கிறார். செக் நாட்டு இசைஞர் பாவெல் ஹாஸ், டெரெஸின் முகாமில் அடைபட்டிருந்த 1943இல் தந்தி வாத்தியங்களுக்காக ஒரு கிருதி எழுதினார். நாஜிகள் பிரசாரத்துக்காக எடுத்த திரைப்படத்தில் அதைக் கைதிகளைக் கொண்டே வாசிக்கச் செய்து படம் பிடித்துக்கொண்டு, பிறகு ஹாஸையும் வாசித்தவர்களில் மிகப் பலரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். நடத்துனர் காரெல் ஆன்செர்ல் உயிர் தப்பியதால் கிருதி தப்பியது. ஃபிலிப்ஸ் அந்த முழுக் கிருதியிலிருந்து ஒரு வியோலாவும் ஒரு செல்லோவும் வாசிக்க வேண்டிய பகுதிகளை மட்டும் பதிவு செய்து, மற்ற வாத்தியங்களின் இடத்தை வெறுமையாகவே விட்டு, யூதர்களை ரயிலேற்றி அனுப்பிய அதே நிலையத்தின் மேடைக் கோடியில் ஒலிக்க வைத்தார். இரண்டு சுரம்; பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை; மீண்டும் ஒரு சுரம். அங்கே அழகு என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் காஸெல் என்றே சொல்வேன். ஆனால் காஸெலில் இருந்தது இல்லாமற்போனவர்களின் மௌனம்; வியன்னாவில் இருந்தது ஆரவாரம் செய்தவர்களின் ஓசை. ஓசைக்கு மௌனத்தால் மட்டும் விடை சொல்ல முயன்றதுதான் ஆஸ்திரியா நாற்பது வருஷம் செய்த காரியம். ஆகையால் அங்கே ஒலிக்கத்தான் வேண்டியிருந்தது.

சரித்திர இல்லம் 2018 நவம்பர் 10ஆம் தேதி திறந்தது. மறுநாளோடு நாதம் நின்றது. அந்த இல்லத்தின் கூடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வழியே மேல்தளம் தெரியும். பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைப் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. அதை என்ன செய்யலாம் என்று இல்லத்தார் பொதுமக்களிடமே யோசனை கேட்டார்கள். நமக்கு அங்கே வாக்குரிமை இல்லையென்றாலும் யோசனை சொல்லத் தடையில்லை. மேல்தளத்தைத் திறந்துவிட்டு, நாலு பெஞ்சுகளைப் போட்டு, பகல் உணவு வேளையில் அங்கே உட்கார்ந்து சாப்பிட விடலாம் என்பது என் கட்சி. கோப்பைகளின் நாதத்தை மறுபடியும் கொண்டுவருவதானால், வேலை நாட்களில், அதே 12.30 மணிக்குக் கொண்டுவரட்டும். மார்ச்சு 12ஆம் தேதியிலும் நவம்பர் 9ஆம் தேதியிலும் வேண்டாம். அந்த நாட்களுக்குப் பிரசங்கிகள் போதிய அளவில் இருக்கிறார்கள்.